சிறப்புக் குழந்தைக்கு டிரஸ்ட் எழுதிய அனுபவம்: பணம் ஒருவர் கையில், பிள்ளை ஒருவர் கையில்

என் மகனுக்கு 19 வயது, ஆட்டிசம். பேச்சு குறைவு, பணத்தின் மதிப்பு தெரியாது. சொத்தெல்லாம் மூத்த மகளுக்கு என்று உயில் எழுதி, கடைசியில் "தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். வக்கீல் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "மகளிடம் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. அந்தப் பணம் அவளுடையதாகிவிடும், அவள் கடன்பட்டாலோ அவளுக்கே ஏதாவது ஆனாலோ தம்பிக்கென்று எதுவும் மிஞ்சாது என்றார் அவர். சரி என்று அன்று ராத்திரியே மகளிடம் பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அவனை நான் பார்த்துக்குவேன்ப்பா. பணத்தையும் நானே வச்சிருந்தா, ஒவ்வொரு செலவுக்கும் எனக்கே சந்தேகம் வரும், அவனுக்காகச் செய்றேனா, எனக்காகவான்னு" என்றாள். இத்தனை நாள் இந்தச் சுமையை அவள் தலையில் வைத்திருந்தோமே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

அதனால் பிரித்துவிட்டோம். மகன் மட்டுமே பயனாளியாக ஒரு தனி டிரஸ்ட், அதாவது அவனுக்கான சொத்தை வேறு சிலர் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு. அந்தப் பொறுப்பில் இருக்கும் டிரஸ்டிகள் இரண்டு பேர்: என் தம்பியும் ஒரு கணக்காளரும். அவர்களுக்கு அடுத்து யார் என்பதும் பத்திரத்திலேயே இருக்கிறது. மகள் டிரஸ்டி இல்லை, ஆனால் வருடா வருடம் கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அவளுக்கு உண்டு. மகன் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு என்பதையும் எழுதச் சொன்னார் வக்கீல். அந்த வரியை எழுதத்தான் எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

முதல் வரைவில் "மருத்துவமும் பராமரிப்பும்" என்று மட்டும் இருந்தது. அவன் உயிரே நீச்சல்தான். குளத்திலிருந்து ஏறியதும் ஈரத் துண்டை நாலாக மடித்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பான். நாளைக்கு ஒரு டிரஸ்டி "நீச்சல் மருத்துவம் இல்லையே" என்று சொல்லிவிட்டால்? "அவனுக்கு மகிழ்ச்சி தரும் செயல்கள், பயணம்" என்று சேர்க்கச் சொன்னோம்.

எங்கள் தவறு ஒன்று. பத்திரம் முடிந்த நிம்மதியில் ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டோம். டிரஸ்டில் ஒரு காசு இல்லை, காப்பீட்டில் பழைய பெயரே நின்றது. பாட்டி வேறு பாசத்தில் தன் உயிலில் நிலத்தை நேராக அவன் பெயருக்கே எழுதி வைத்திருந்தார். அது அவன் கைக்கு வந்தாலும் அவனால் விற்கக் கையெழுத்துப் போட முடியாது. வருமானமும் சொத்தும் பார்த்து அரசு உதவி தரும் நாடுகளில் அந்த உதவிகூட நின்றுபோகலாம். பாட்டியிடம் பேசி எல்லாவற்றையும் டிரஸ்டுக்கு மாற்றி எழுதினோம். தாத்தா, பாட்டி, அத்தை என்று தரக்கூடிய எல்லாரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. எங்கள் மகளுக்கு 24 வயது, டவுன் சிண்ட்ரோம். நாங்கள் டிரஸ்டை உயிலுக்குள்ளேயே வைத்திருக்கிறோம், எங்களுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும்.

நான் சொல்ல வந்தது வேறு. பிள்ளையையும் கேளுங்கள். சொத்து வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சம உரிமை உண்டு என்கிறது 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. முடிவெடுக்கத் துணை தேவைப்பட்டால் அதையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அதைப் படித்த பிறகுதான், அவளோடு இருக்கப்போகிறவரை நாங்களே முடிவு செய்துவிட்டோமே என்று உறைத்தது. மூன்று உறவினர்களின் போட்டோவை மேசையில் வைத்து, "அம்மா ஊரில் இல்லாதப்போ யார்கூட இருப்பே?" என்று கேட்டேன். நாங்கள் எழுதியிருந்தவரின் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். சித்தியின் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், திருப்பித் தரவே இல்லை. அந்த வாரமே பெயரை மாற்றினோம்.