பொருள்: ‘பிக்மென்ட்’ – நிறமியா, நிறப்பொடியா? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோவையிலிருந்து:
அன்பர்களே, பிளாஸ்டிக் வார்ப்பு படிக்கும் டிப்ளமோ பிள்ளைகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காட்மியம் சிவப்புக்கு மாற்றாக வந்த சீரியம் சல்பைடு, ஈயக் குரோமேட் மஞ்சளுக்கு மாற்றாக வந்த பிஸ்மத் வனடேட் என்று ஓர் அத்தியாயம். எல்லா இடத்திலும் ‘நச்சற்ற கனிமச் சாயம்’ என்று போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்ததும் ஒரு பையன், “அப்ப இது தண்ணில கரையுமுங்களா மிஸ்?” என்றான். கரையாமல் இருப்பதுதானே அதன் குணமே! ‘பிக்மென்ட்’டுக்குச் சரியான சொல் தாருங்கள்.

திருப்பூரிலிருந்து:
சாயம் வேண்டவே வேண்டாமுங்க. எங்கூர்ல சாயம்னா சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும்தான் கண்ணு முன்னால வரும். 2011ல சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டப்போ நானும் வேலையில்லாம உட்கார்ந்தவன். சாயத்துக்கு முன்னால ‘நச்சற்ற’ன்னு போட்டா இங்க சிரிப்பாங்க.

கோபியிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியன்):
‘நிறமி’ இருக்க வேறெதற்கு? ஆனால் ‘நச்சற்ற’ பிழை. இரும்பு + பாதை இருப்புப்பாதை ஆகிறதே, அங்கே மெல்லினம் வல்லினமாவது வேற்றுமைப் புணர்ச்சி. நஞ்சு + அற்ற அல்வழி. ‘நஞ்சற்ற’ என்றே நிற்கும். தவிர, நச்சு என்றால் விருப்பமும்தான். 1008ஆம் குறளில் இரு பொருளும் அடுத்தடுத்து வரும். நச்சற்ற நிறமி என்றால் யாரும் விரும்பாத நிறமி! நிறத்துக்கும் மார்பு என்றொரு பழம்பொருள் உண்டு. சங்கப் பாட்டில் வேல் நிறத்தில் பாய்ந்தால் அது வண்ணத்தில் பாய்ந்ததாகாது. அந்த வேரைத் தேடிப் போனால்…

கணபதியிலிருந்து (மோல்டிங் பட்டறை):
வாத்தியாரய்யா, வேல் இருக்கட்டுமுங்க. தோல்ல இருக்குற மெலனினும் நிறமி, இலையில இருக்குற பச்சையமும் நிறமின்னு பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வர்ற பையன் பக்கெட்டுக்குத் தோல் இருக்குதான்னு கேப்பான். எங்க பட்டறையில 25 கிலோ பிளாஸ்டிக் குருணைக்கு அரைக் கிலோ மாஸ்டர் பேட்ச், அதாவது நிறம் செறிஞ்ச குருணை. டிரம்ல உருட்டி மெஷினோட வாய்ல (ஹாப்பர்) கொட்டுவோம். சரியாப் பரவலைன்னா பக்கெட் மேல மயில்தோகையாட்டம் வரி விழும். சாயம் கரைஞ்சு இறங்கும். இது பொடி, பொடியாவேதான் உள்ள கிடக்கும். நைலானுக்கு 220 பாகைக்கு மேல சூடு வைக்கணும். கரிம வகையில பலது அதுல கருகி நிறம் மாறிடும், இந்தக் கனிம வகை அசையாது. ‘நிறப்பொடி’ன்னு வைங்க, எங்க பசங்களுக்குப் புரியும்.

ஈரோட்டிலிருந்து:
பொடி என்றால் மூக்குப்பொடி நினைவு வருகிறது. ‘கனிம’த்திலும் எனக்கு ஒப்புதல் இல்லை. கனி என்பது சுரங்கம், வடசொல். காவிக்கல்லை மண்ணில் தோண்டலாம். 2009இல் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்பிரமணியன் குழு கண்ட நீலத்தை எந்தச் சுரங்கத்தில் தோண்டுவது? மின்னணுவியலுக்குப் பொருள் தேடி இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளை ஆயிரம் பாகைக்கு மேல் சுட்டார்கள். உலையிலிருந்து நீலம் வந்தது. (சுப்பிரமணியன் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதில் எனக்கொரு பெருமை.) கரிமம் அல்லாதது என்ற பொருளில் ‘அகரிம’ எனலாமா?

திருப்பூரிலிருந்து:
இல்லைங்கறதுக்கு முன்னால ‘அ’ போடறது மட்டும் எந்த ஊருச் சரக்குங்க? அதுவும் வடமொழி வழக்குதானுங்களே.

கோவையிலிருந்து:
மணி பதினொன்றரை, நாளைக்கு அச்சு. ‘நஞ்சற்ற கனிம நிறமி’ என்று முடித்துவிட்டேன். கணபதி அண்ணாவுக்காக, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘அதாவது கரையாத நிறப்பொடி’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒத்த சொல் கிடைக்காது, இது போதும்.

ஈரோட்டிலிருந்து:
அச்சானதும் எனக்கொரு படி அனுப்புங்கள் அம்மணி. ‘கனிம’ வருமிடமெல்லாம் நானே பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.