அப்பாவின் பழைய ஃபிளாப்பி: சொற்கள் கோணலாக வருகின்றன, அவசரம்

ரயிலடி:
வணக்கம். அப்பா ஆங்கிலத்தில் டைப் செய்து வைத்த நினைவுக் குறிப்புகள் ஒரு ஃபிளாப்பியில் இருந்தன. கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கிவிட்டேன். திறந்தால் எல்லாச் சொல்லும் கோணலாக இருக்கிறது. ஏழாம் அத்தியாயம் பாதியில் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷத் திவசம். அதற்குள் அச்செடுக்க வேண்டும். என்ன செய்வது?

தட்டெழுத்து:
ஐந்தேகால் அங்குலமா, மூன்றரையா? எதில் டைப் செய்தார்? கோணல் என்றால் எப்படி?

மாடிவீடு:
பூஞ்சைதான். எங்கள் அலுவலக ஃபிளாப்பிகள் அப்படித்தான் போயின. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

எட்டங்குலம்:
பூஞ்சை பிடித்தால் ஒரு செக்டர், அதாவது தட்டின் ஒரு துண்டு, மொத்தமாகப் படிக்காமல் போகும், எழுத்துக்கு எழுத்து மாறாது. தெரியாததைச் சொல்லிக் குழப்பாதீர்கள். தம்பி, முதலில் கேள்வியை ஒழுங்காகக் கேட்கப் பழகுங்கள். கோப்புகளின் பெயர், அளவு எதுவுமே போடாமல் அவசரம் என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

ரயிலடி:
மன்னிக்கவும் சார். ஐந்தேகால் அங்குலம். 1990 வாக்கில் ரிடையர் ஆனதும் கம்ப்யூட்டர் சென்டரில் கற்றுக்கொண்டு டைப் செய்தார். மென்பொருள் எது என்று தெரியவில்லை. சொல்லின் கடைசி எழுத்து மட்டும்தான் கெட்டிருக்கிறது. ஆங்கில 'ஈ' (e) வர வேண்டிய இடத்தில், தலையில் வட்டம் வைத்த 'ஏ' (å) வருகிறது.

மாடிவீடு:
அப்படியானால் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருப்பார்.

தட்டெழுத்து:
பூட்டெல்லாம் இல்லை, இது வேர்ட்ஸ்டார், அந்தக் காலத்து டைப் செய்யும் மென்பொருள். அப்பா எழுதியது பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

கோப்பில் ஒவ்வோர் எழுத்தும் எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டில், ஓர் எண்ணாக இருக்கும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், எட்டாவது பிட் சும்மா கிடக்கும். டாக்குமென்ட் முறையில் திறந்த கோப்பில், வேர்ட்ஸ்டார் சொல்லின் கடைசி எழுத்தில் அந்தப் பிட்டைப் போட்டு வைக்கும். வரியைச் சீராக்கும்போது தனக்கு உதவ அது வைத்துக்கொள்ளும் அடையாளம். சின்ன 'ஈ'யின் எண் 101. அதோடு எட்டாவது பிட்டின் மதிப்பான 128 சேர்ந்து 229 ஆகிவிடும். விண்டோஸ் அதை வட்டம் வைத்த 'ஏ' என்று காட்டுகிறது. 127-க்கு மேலான பைட் ஒவ்வொன்றிலும் 128-ஐக் கழித்தால் சரியாகிவிடும். நான்கு வரி நிரல், எழுதித் தருகிறேன்.

ஏழாம் அத்தியாயம் வேறு விஷயம். அதே பெயரில், பேக் (.BAK) என்று முடியும் கோப்பு இருக்கிறதா?

ரயிலடி:
அப்படிச் சில இருந்தன. தேவையில்லாதவை என்று பென் டிரைவிலிருந்து அழித்துவிட்டேன்.

தட்டெழுத்து:
ஃபிளாப்பியில் இருக்குமே, அது போதும். வேர்ட்ஸ்டார் பழைய கோப்பின் மேலேயே எழுதாது. திருத்தியதை மூன்று டாலர் குறியில் முடியும் தற்காலிகக் கோப்பில் எழுதும். சேமித்ததும் பழையதற்கு பேக் என்று பெயர் மாற்றிவிட்டு, புதியதற்கு அசல் பெயரைக் கொடுக்கும். அதனால் கடைசிச் சேமிப்புக்கு முந்தைய படி ஒன்று எப்போதும் கையில் இருக்கும். ஆனால் ஒன்றே ஒன்றுதான். தவறிப்போய் அழித்துவிட்டு இரண்டு முறை சேமித்தால் அதுவும் போய்விடும். இன்னொரு தொல்லை, இந்த முறைக்குக் குறைந்தது இரண்டு பங்கு இடம் வேண்டும். 360 கேபி தட்டில் பெரிய அத்தியாயத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா!

கடைக்குப் போகுமுன் ஃபிளாப்பியின் ஓர வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஒட்டினால் யாரும் எழுத முடியாது.

எட்டங்குலம்:
தவறு. வெட்டை மூடினால்தான் எழுத முடியும். 1982-லிருந்து இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

தட்டெழுத்து:
நீங்கள் சொல்வது எட்டங்குலத் தட்டுக்கு. ஐந்தேகாலில் நேர்மாறு.

எட்டங்குலம்:
மூன்றரையிலும் துவாரத்தை மூடினால்தானே எழுத முடிகிறது?

சக்கரம்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். எட்டங்குலத்திலும் மூன்றரையிலும் மூடினால் எழுதலாம், ஐந்தேகாலில் மூடினால் எழுத முடியாது. இவர் கையில் இருப்பது ஐந்தேகால், ஒட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, கடைக்காரரிடம் இருப்பது 1.2 எம்பி டிரைவாக இருக்கலாம். அது 360 கேபி தட்டை நன்றாகப் படிக்கும். ஆனால் அதன் படித்து எழுதும் தலை குறுகியது, எழுதினால் தடம் முழுதும் அழியாது, பழைய டிரைவ் பிறகு தடுமாறும். எழுதவே விடாதீர்கள்.

எட்டங்குலம்:
ஐந்தேகாலுக்கு ஒட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வியிலேயே அளவு போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ரயிலடி:
ஒட்டிக் கொடுத்தேன். ஏழாவது 9 கேபி, அதன் பேக் 21 கேபி. அத்தியாயம் முழுதும் இருக்கிறது. நிரலும் வேலை செய்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.