புதுப்பிப்பு: புது டிஸ்க், புது பேட் போட்டும் கீச்சிட்ட பிரேக்

முன்பு எழுதியது சுருக்கமாக: காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) பேடும் (அதை அழுத்திப் பிடிக்கும் பட்டை) புதிதாக மாற்றியதிலிருந்து, மெதுவாகப் போகையில் லேசாகப் பிரேக் மிதித்தால் இடது பக்கம் கீச்சென்று சத்தம். அழுத்தி மிதித்தால் சத்தமே இல்லை. "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்றார்கள் மாற்றிக் கொடுத்தவர்கள். ஆகவில்லை.

இப்போது காரணம் தெரிந்துவிட்டது. வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கையால் அசைத்துப் பார்த்தார். காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான இரண்டு தண்டுகளில் (ஸ்லைடு பின்) மேலே உள்ளது நன்றாக நகர்ந்தது. கீழே உள்ள ஸ்லைடு பின், கிரீஸ் வறண்டு இறுகிக் கிடந்தது. அதனால் பேட் டிஸ்க்கில் நேராகப் படியாமல் சாய்ந்து உரசி அதிர்ந்திருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது. பேட் உட்காரும் கிளிப்களும் பழையவையே, அடியில் துரு வேறு.

பின்களைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் போட்டால் பின்களின் ரப்பர் உறை உப்பிக் கெட்டுவிடும், இதில் கவனமாக இருங்கள். துருவைச் சுரண்டிப் புது கிளிப் மாட்டினார். பேடின் முகத்தை லேசாக உப்புத்தாளில் தேய்த்தார்.

அப்புறம் பேட் டிஸ்க்கில் நன்றாகப் படிவதற்காக, காலியான சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், இடைவெளி விட்டுப் பலமுறை பிரேக் பிடித்தோம். சத்தம் போய்விட்டது. மழை இரவுக்குப் பிறகு காலையில் முதல் மிதிக்கு மட்டும் ஒரு கரகரப்பு வருகிறது. அது டிஸ்க்கின் மேல்துரு, உடனே போய்விடும்.

பேட் மாற்றும்போது பின்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள்.