ஈரான் எண்ணெய்க்கு ஒரு நியாயம், ரஷ்ய எண்ணெய்க்கு ஒரு நியாயமா?

மணலி_மெயின்ஸ்:
நம்ம மணலி ரிஃபைனரி 1965-ல ஆரம்பிச்சப்பவே ஈரான் எண்ணெய்க் கம்பெனி அதுல பங்குதாரர். அப்படியும் ஈரான் மேல போட்ட தடையில நமக்குத் தந்திருந்த விலக்கை 2019 மே மாசம் அமெரிக்கா ரத்து பண்ணதும் ஈரான் எண்ணெய் நின்னுடுச்சு. 2022-ல உக்ரைன் போர் வந்தப்ப ரஷ்ய எண்ணெய்க்கு மட்டும் நாம அடங்கல. வல்லரசு அழுத்தினா மத்தவன் பணிவான்னுதானே சர்வதேச உறவுப் பாடத்துல வர்ற ரியலிசம்? எங்க இடிக்குது? மெயின்ஸ் பரீட்சை விடைக்காகக் கேக்கறேன்.

காசிமேடு_அலை:
அப்படி ரியலிசம் சொல்லல தம்பி. ரியலிசக் கோட்பாட்டாளர் கென்னத் வால்ட்ஸ் 1979-ல சொன்னது, நாடுகளுக்கு மேல போலீஸ் இல்ல, அவனவன் பாதுகாப்பை அவனவன்தான் பாத்துக்கணும், அவ்வளவுதான். எந்த நாடு யார்கிட்ட எண்ணெய் வாங்கும்னு கணிக்கிறது தன் கோட்பாட்டோட வேலை இல்லன்னு அவரே ஒதுங்கிட்டார். இதுக்கு இன்னொரு ரியலிஸ்ட், ஸ்டீபன் வால்ட் பொருந்துவார். பலத்தைப் பாத்து இல்ல, அச்சுறுத்தலைப் பாத்துதான் நாடுகள் அணி சேரும்னார். மொத்த பலம், தூரம், தாக்குற திறன், உள்நோக்கம்னு நாலு அளவுகோல். சீனாவை வெச்சுப் போட்டுப் பாரு. 2020-ல கல்வான் எல்லை மோதல், கையில ரஷ்ய எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணை. மாஸ்கோவைப் பீஜிங் மடியில தள்ளிவிட்டா நஷ்டம் நமக்கு. ஈரான்கிட்ட அந்தப் பிடி இல்ல, சவுதி, ஈராக் எண்ணெயும் கிடைச்சுது.

தண்டையார்பேட்டை_வாசகி:
இந்த ஒப்பீடே கோணல். 2022-ல் ரஷ்ய எண்ணெய் சந்தைக்கு வரவேண்டும் என்றுதான் அமெரிக்காவும் நினைத்தது, இல்லாவிட்டால் விலை எகிறும். அதனால்தான் டிசம்பர் 5-இல் ஜி7 பீப்பாய்க்கு 60 டாலர் வரம்பு வைத்தது. அதற்குள் விற்றால் மேற்கத்தியக் கப்பலும் இன்சூரன்ஸும் கிடைத்தன. ஈரானுக்குக் கதவே சாத்தப்பட்டது. இன்னொன்று, ஈரான் எண்ணெயை நிறுத்தியது போர்க்கப்பல் அல்ல, டாலர். வாங்குபவரின் வங்கி அமெரிக்க வங்கிகளில் வைத்திருக்கும் டாலர் கணக்கு போய்விடுமே என்ற பயம். பீரங்கியை மட்டும் எண்ணும் ரியலிசம் இங்கே திணறும். வங்கி போன்ற உலக வலைப்பின்னல்களையே வல்லரசுகள் ஆயுதமாக்குகின்றன என்று ஆய்வாளர்கள் ஃபாரல், நியூமன் இருவரும் 2019-இல் எழுதியதையும் விடையில் சேருங்கள். உண்மையான அழுத்தம், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது போட்ட 25 சதவீதக் கூடுதல் வரிதான், சோதனையை அங்கே வையுங்கள்.

காசிமேடு_அலை:
வரம்பு விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா டாலரும் பலம்தானே, அதை ரியலிசத்துக்கு வெளிய தள்ள வேணாம்.
தம்பி, மார்க் போறது எங்கன்னா, நடந்து முடிஞ்சதுக்கு எல்லாம் 'தேச நலன்'னு முத்திரை குத்துற இடத்துல. எது நடந்தா உன் விளக்கம் தப்புன்னு முதல் பத்தியிலயே எழுதிடு. சீன எல்லை அடங்கி, ரஷ்ய ஆயுதத் தேவையும் குறைஞ்ச பிறகும் எண்ணெய் அதே அளவு வந்தா, காரணம் பாதுகாப்பு இல்ல, ரஷ்யா தந்த விலைத் தள்ளுபடி.

மணலி_மெயின்ஸ்:
தள்ளுபடி போயும் வாங்கினா?

காசிமேடு_அலை:
அப்ப காரணம் பாதுகாப்பு, என் பக்கம்.