ஜெபம் பண்ணினீர்கள், அப்புறம் என்ன ஆனது? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அனுபவங்கள்

ராயக்கோட்டை லாரி வீடு

விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சேலம், மதுரை என்று போகிறவர். பாளையம் டோல்கேட் தாண்டினதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அது வந்தால் நான் ஜெபத்தில் உட்கார வேண்டும். கணவாய் இறங்கி முடித்ததும் இன்னொரு கால் வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு.

போன வருஷம் ஒரு ராத்திரி முதல் கால் வந்தது, இரண்டாவது வரவே இல்லை. முழங்காலில் இருந்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவரே பேசினார். இரட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் முன்னால் போன லாரிக்கு பிரேக் பிடிக்காமல் போய்விட்டது. இவர் கியரிலேயே மெதுவாக இறங்கியதால் தள்ளி நிறுத்த முடிந்திருக்கிறது. "அந்த டிரைவர் போய்ட்டாருமா. அவரு போன் சீட்டுக்கு அடியில அடிச்சிக்கிட்டே இருக்கு. 'வீடு'ன்னு பேரு வருது. யாருக்கும் எடுக்க தைரியம் வரல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து "கர்த்தர் என் கணவரைப் பாதுகாத்தார்" என்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அந்தப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணும் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்த தெய்வத்திடம் கேட்டிருப்பாள்தானே? என்னுடையது கேட்கப்பட்டது, அவளுடையது கேட்கப்படவில்லை என்று எப்படிச் சொல்வேன்? இப்படி யாருக்காவது இருந்திருக்கிறதா?

ஓசூர் சிப்காட் சகோதரன்

சிஸ்டர், மனம் வருத்தப்பட வேண்டாம். ஆனால் சாட்சியைப் பாதியில் நிறுத்தியது சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தேவன் செய்த நன்மையை அறிக்கை பண்ண வேண்டும். மற்றவருக்கு ஏன் நடக்கவில்லை என்பது அவருடைய கையில் இருக்கிறது.

என் அனுபவம்: கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை ஒரே நாளில் நிறுத்தினார்கள். மனைவி அப்போது நிறைமாதம். அந்த வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தில் போய் விழுந்தேன். விடியற்காலை டீ குடிக்கும்போது பக்கத்தில் இருந்த ஒரு பிரதர், நான் எதுவும் சொல்லாமலே, "தம்பி நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அவர் மூலமாகத்தான் இன்றைக்கு இருக்கும் வேலை கிடைத்தது. அந்தக் கேள்வி தேவனிடமிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களுக்குச் சில காரியங்கள் சொல்கிறேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பழகுங்கள், வீடு அமைதியாக இருக்கும், மனம் சிதறாது. தானியேல் எருசலேமுக்கு நேரான ஜன்னலைத் திறந்து வைத்து தினம் மூன்று வேளை ஜெபித்தான். ராஜாவின் கட்டளை வந்த பிறகும் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. நேரம் குறித்து ஜெபிப்பதில் ஒரு பலம் இருக்கிறது. ஒரு நோட்டில் ஜெபக்குறிப்புகளைத் தேதி போட்டு எழுதுங்கள். பதில் வந்ததும் பக்கத்திலேயே அந்தத் தேதியையும் எழுதுங்கள். மனம் சோர்ந்த நாளில் அதை எடுத்துப் படித்தால் போதும். 91-ம் சங்கீதத்தை அண்ணன் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். வண்டி எடுக்கும் முன்னால் இருவரும் ஸ்டீயரிங் மேல் கை வைத்து ஜெபியுங்கள். டீசல் மிச்சம் என்று யார் சொன்னாலும் கணவாயில் நியூட்ரலில் இறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதம் ஒரு நாள் உபவாசம் எடுங்கள். சுகர் இருந்தால் மத்தியானம் வரை போதும். குழந்தைகளையும் கூட உட்கார வையுங்கள், அவர்கள் ஜெபத்துக்குத் தனி வல்லமை உண்டு.

ராயக்கோட்டை லாரி வீடு

நன்றி அண்ணா. அவர் நியூட்ரலில் இறக்குகிற ஆள் இல்லை. ஜெபிக்கவும் நாங்கள் விட்டதில்லை. நான் கேட்டது இன்னும் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்று இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

எலத்தகிரி

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. எனக்குள் கிடக்கிறதைச் சொல்கிறேன்.

நாங்கள் ஆர்.சி. அக்டோபர் மாதம் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வீடு வீடாகச் செபமாலை நடக்கும், மாதா சுரூபத்தை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு, தாலுகா கோர்ட்டில் கேஸ். பேச்சு வார்த்தை நின்று ரொம்ப வருஷம் ஆகிறது. அந்த வருஷம் வரிசைப்படி பெரியப்பா வீட்டுக்கு மாதா வந்தபோது தூக்கிக்கொண்டு போகும் முறை எங்கள் வீட்டுடையது. அப்பா போகமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே பெரியப்பாதான் முன்னே சொன்னார். நல்ல குரல் அவருக்கு, எங்கள் தாத்தா உபதேசியாராக இருந்தவர். விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று ஆரம்பித்தார். பாதியில் நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல என்ற இடம் வந்ததும் அப்பா வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரிந்தது. அடுத்த பத்து மணி ஆரம்பத்தில் மறுபடியும் அதே செபம், அதே இடத்தில் மறுபடியும் நிறுத்தினார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. செபமாலையில் அந்த வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும், தப்பிக்க முடியாது. கடைசிப் பத்துக்கு வந்தபோது பெரியப்பா தன் பாதியைச் சொல்லி முடித்துவிட்டு, எங்களோடு சேர்ந்து அந்த வரியையும் அவரே சொன்னார், அப்பாவைப் பார்த்துக்கொண்டு. அப்பா தலையைக் குனிந்து, மெதுவாக, வாய்க்குள்ளே சொன்னார்.

கேஸ் இன்னும் நடக்கிறது. வரப்பு அளந்தபாடில்லை. ஆனால் அந்த வாரம் பெரியப்பா கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் முறை திரும்பக் கிடைத்தது. சமாதானம் ஆகிவிட்டதா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

வார்டு சிஸ்டர், தர்மபுரி

ஓசூர் தம்பி சொன்ன உபவாசம் பற்றி ஒன்று. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் அரை நாள்கூட இருக்கக் கூடாது. சுகர் திடீரென்று இறங்கினால் ஆள் மயங்கிவிடுவார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டிபி வார்டில் ஒருவரைப் பார்த்தேன். பாலக்கோடு பக்கம் கரும்பு வெட்டுகிறவர். ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டிய நோய். முதல் இரண்டு மாதத்தில் இருமல் குறைந்து உடம்பு தேறியதும், ஊருக்கு வந்துபோகிற ஒரு ஊழியக்காரர், விசுவாசம் இருக்கிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறார். நிறுத்திவிட்டார். இரத்தமாகத் துப்பிக்கொண்டு திரும்பி வந்தார். பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகும், அப்புறம் வைத்தியமே கடினம்.

மருந்தைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், விழுங்கமாட்டார். மருந்து சாப்பிட்டால் விசுவாசத்தை விட்டதாக ஆகிவிடுமோ என்று பயம். ஒரு நாள் அவருடைய உள்ளங்கையில் மாத்திரையை வைத்து, அதன் மேல் என் கையை வைத்து, "ஆண்டவரே, இந்த மாத்திரை இவருக்குள் வேலை செய்யட்டும்" என்று ஒரு வரி ஜெபம் பண்ணினேன். அவர் என்னையே பார்த்தார். "மாத்திரையும் அவரு குடுத்ததுதான்னு எனக்கு யாருமே சொல்லலையே சிஸ்டரம்மா" என்றார். விழுங்கினார். அதன் பிறகு தினமும் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார், நான் டூட்டியில் இல்லாத நாளில் அவரே சொல்லிக்கொள்வார். முழுக் கோர்ஸும் முடித்தார்.

யாக்கோபு நிருபத்தில் வியாதிக்காரனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது. அந்தக் காலத்தில் காயத்துக்கு எண்ணெய்தானே மருந்து? நல்ல சமாரியன் வார்த்ததும் எண்ணெயும் திராட்சரசமும்தான். பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்று எழுதினார், ஜெபம் மட்டும் போதும் என்று எழுதவில்லை. அவர் கூடவே இருந்த லூக்கா வைத்தியர். ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை மேடையில் சொல்லுங்கள். நீங்கள் ஒரு தடவை சொன்னால் நாங்கள் வார்டில் நூறு தடவை சொல்வதைவிடக் கேட்பார்கள்.

ஓசூர் சிப்காட் சகோதரன்

அக்கா, மருந்தை நிறுத்தச் சொல்லி நான் எங்கேயும் சொல்லவில்லை. எங்கள் அம்மாவுக்கே நான்தான் பிபி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் வைத்தியர் கைவிட்ட இடத்தில் சுகம் கிடைத்தவர்களையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையும் மறைக்க முடியாது.

பென்னாகரம்

எங்கள் அம்மாவால் முழங்கால் போட முடியாது. சபையில் எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது அவர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காரணம் இங்கே எல்லோருக்கும் தெரியும், போர் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. எங்கள் தலைமுறைக்குப் பல்லில் கறை, அவர் தலைமுறைக்கு எலும்பிலேயே இறங்கிவிட்டது. சின்ன வயதில் அம்மா சுகத்துக்காக நாங்கள் பண்ணாத ஜெபம் இல்லை. ஒரு தடவை வெளியூர்க் கூட்டத்துக்கு அழைத்துப் போய், எழுந்து நட என்று சொன்னார்கள். அம்மா இரண்டு அடி வைத்துவிட்டு வலியில் என் தோளைப் பிடித்தது இன்னும் தோளில் இருக்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி, அப்புறம் எங்கள் தெருக் குழாய்க்கும் காவிரித் தண்ணீர் வந்தது. முதல் நாள் அம்மா குடத்தை வைக்கவில்லை. கையை நீட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசையில் பெண்கள் சத்தம் போட்டார்கள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, எனக்கு வளைஞ்சது வளைஞ்சதுதான், பேரப்புள்ளைங்களுக்கு நேரா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தை வைத்தார். சத்தம் போட்டவர்கள் பேசாமல் நின்றார்கள்.

அம்மா இத்தனை வருஷம் தனக்காகக் கேட்கவே இல்லையோ, நாங்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தோமோ என்று இப்போது யோசிக்கிறேன். அவரிடம் கேட்டால் "எதையெல்லாம் கேட்டேன்னு யாரு கணக்கு வெச்சா" என்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார், கிருஷ்ணகிரி

லாரி வீட்டுத் தங்கச்சிக்கு. நீங்கள் கேட்ட கேள்வியை இயேசுவே எடுத்துப் பேசியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி லூக்கா 13-ல் இருக்கிறது. எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்கிறார். தப்பித்தவர்கள் கூடுதலாக ஜெபித்தவர்கள் என்றும் சொல்லவில்லை. உயிரோடிருக்கிற நீங்கள் மனந்திரும்புங்கள் என்று பேச்சைக் கேட்டவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். ஓசூர் தம்பி, அந்தத் தங்கச்சி மைக்கோடு உட்கார்ந்ததில் ஒரு குறையும் இல்லை. அதுவும் சாட்சிதான்.

எங்கள் லூத்தரன் சபைக்கே இந்தக் கேள்வி உண்டு. மிசூரி சினோடு என்ற அமெரிக்க லூத்தரன் சபையின் மிஷனரிகள் 1895-ல் கிருஷ்ணகிரியில்தான் வேலையைத் தொடங்கினார்கள். அவர்களில் தியடோர் நேதர் 1904-ல் பிளேக் நோயில் இறந்துபோனார். கடல் தாண்டி வந்த மனுஷனுக்காக இங்கேயும் அங்கேயும் எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்? அவர் பிழைக்கவில்லை. சபை இன்றைக்கும் இருக்கிறது. இது அதற்கு ஈடு என்று நான் சொல்லமாட்டேன். மனைவியை இழந்த பிறகு எந்த ஈட்டுக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

அவளுக்குக் கேன்சர். கடைசி மாதங்களில் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து சுகத்துக்காக ஜெபித்தார்கள், நல்ல மனுஷர்கள். ஒரு வெள்ளி அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். "இனிமே எனக்குச் சுகம் கேக்காதீங்க. தூக்கம் கேளுங்க" என்றாள். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சபையில் தினம் சத்தமாக ஜெபிக்கிறவர்கள் எல்லாம் வாயடைத்துப்போனார்கள். கடைசியில் கூட வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன்தான் "அம்மாவுக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் குடுங்க ஆண்டவரே" என்று சொன்னான். அவ்வளவுதான் ஜெபம். அன்று ராத்திரி அவள் தூங்கினாள். நான் விழித்திருந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

நான் கிறிஸ்தவன் இல்லை. எழுதலாமா என்று யோசித்தேன், தூக்கம் கேட்ட அம்மாவைப் படித்த பிறகு எழுதுகிறேன்.

அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். உடம்பு ராத்திரி வந்தது. பக்கத்து வீட்டு ஆயா கிறிஸ்தவங்க. வந்து எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். ஒப்பாரி வைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. விடியும்வரை உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. காரியம் எல்லாம் முடிந்து, என்ன ஆயா கேட்டீங்க உங்க சாமிகிட்ட என்றேன், கொஞ்சம் கோபத்தோடுதான். "ஒன்னும் கேக்கலடா. உங்கப்பன் பேரு, உங்கம்மா பேரு, உன் பேரு, அத்தயே சொல்லிக்கிட்டு இருந்தேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

இப்போது ஆயா படுக்கையில். பிள்ளைகள் ஓசூரில், வாரம் ஒரு முறை வருவார்கள். கண் தெரியாததால் சாயங்காலம் நான் போய் சங்கீதம் வாசிக்கிறேன். தோப்பில் காய் இறக்குகிற நாட்களில் எனக்கு நேரமாகிவிடும், அன்றைக்கு எங்கள் அம்மா போய் வாசிக்கிறார். அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தின் எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது. பெரிய எழுத்து பைபிள் கிருஷ்ணகிரியில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.