நம்ம பந்தியில் வெளிநாட்டு விருந்தாளி

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பிக்கு ஜெர்மனியில் வேலை. அவன் கல்யாணத்துக்கு, கூட வேலை பார்க்கிற ஜெர்மன்காரர் ஒருவர் வந்திருந்தார். முகூர்த்தப் பந்தியை எப்படியோ சமாளித்துவிட்டார். மாட்டிக்கொண்டது மறுவீட்டில்தான்.

சைவப் பிள்ளைமார் வீட்டு மறுவீடு என்றால் சொதி இல்லாமல் நடக்காது. இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவார்கள். பச்சை மிளகாய்க் காரம்தான், அதுவும் லேசாக. மனிதருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தொட்டுக்கொள்ள வைத்த இஞ்சித் துவையலை மட்டும் முதலிலேயே மொத்தமாக வாயில் போட்டுவிட்டுக் கண்கலங்கினார். அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க அது கூடவே போகவேண்டிய சாமான் என்று யார் அவரிடம் சொன்னார்கள்?

வைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவர் போல. இலையை வழித்துச் சுத்தமாகச் சாப்பிட்டார். காலி இலையைப் பார்த்தால் எங்கள் அத்தைக்குக் கை சும்மா இருக்குமா? மறுபடியும் சோறு, சொதி. அவர் அதையும் முடித்தார். அத்தை இன்னும் சந்தோஷமாக வந்தாள். "நோ, நோ" என்றார். "கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி" என்று இன்னொரு கரண்டி விழுந்தது. நம்ம பக்கம் முதல் இரண்டு 'போதும்' கணக்கில் வராதே!

பக்கத்து இலையில் இருந்த பெரியப்பாதான் காப்பாற்றினார். இரண்டு கையையும் இலைக்கு மேலே விரித்து, குனிந்து மறைத்துக் காட்டினார். அவரும் அப்படியே கவிழ்ந்துகொண்டார். பந்தியே சிரித்தது. அத்தை விட்டுவிட்டாள், ஆனால் மோர் ஊற்றிய பிறகுதான்.

எழுந்திருக்கும்போது இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார். பெரியப்பா சட்டென்று பிரித்து, அவர் பக்கமாக மடித்துவிட்டார். துட்டி வீட்டு, அதாவது சாவு வீட்டு வழக்கம் கல்யாண வீட்டில் வரலாமா?

செங்கோட்டையிலிருந்து:

பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடப் போயிருந்தேன். கேரளாவிலிருந்து இறங்கி, குற்றாலம் போகிற வழியில் ஒரு வெளிநாட்டு ஜோடி எதிரே உட்கார்ந்தது. அந்த அம்மா புரோட்டாவை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, சால்னாவில் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தார். சப்ளையருக்குப் பொறுக்கவில்லை. என் இலையைக் காட்டினார். நான் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றிக் குழைத்து அடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தலையாட்டியதும் வாளியைக் கவிழ்த்துவிட்டார். அப்புறம் நாட்டுக்கோழியும் வந்தது.

அந்த அம்மா இடதுகைக்காரர். இடக்கையாலேயே சாப்பிட்டார். பக்கத்து மேசைப் பையன், "அம்மா, பீச்சாங்கை!" என்று கத்தினான். சப்ளையர் அவனைப் பார்த்து, "எந்தக் கையானா என்னலே, சூடு ஆறுறதுக்குள்ள நீ சாப்பிடு" என்றார். எனக்கும் அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது.

நெல்லை டவுனிலிருந்து:

நம்ம கதை சின்னது. நெல்லையப்பர் கோயில் பக்கம், சாயங்கால அல்வாக் கூட்டம். ஒரு வெள்ளைக்காரர் நூறு கிராம் சூடாக இலையில் வாங்கிவிட்டு ஸ்பூன் கேட்டார். கடைக்காரர், "அப்படியே வாயில போடுங்க சார், வழுக்கிட்டு உள்ள போயிரும்" என்றார். போயிற்று. நெய் மணிக்கட்டு வரை வழிந்தது. துடைக்கப் பேப்பர் கேட்டதற்கு, பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் தன் கை நெய்யை முழங்கை வரை தேய்த்துக் காட்டினார். அவரும் தேய்த்துக்கொண்டு, மோந்து பார்த்துவிட்டு, திரும்ப வரிசையில் போய் நின்றார்.