வெண்டை, கத்தரி, அவரை விதைகளை 3–4 வருஷம் வைத்திருக்க என்ன வழி?

தாம்பரம்_மாடி:
மாடியில் எடுத்த நாட்டு ரக விதைகள் இருக்கு: வெண்டை, கத்தரி, பீர்க்கன், கொடி அவரை, கொஞ்சம் வெங்காய விதை. இடம் கம்மி என்பதால் எல்லாத்தையும் ஒவ்வொரு ஆடிப்பட்டத்துக்கும் போட முடியாது. சுழற்சியில் போடணும்னா விதை 3, 4 வருஷம் தாங்கணும். ரெண்டு நாள் வெயிலில் காயவெச்சு, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன். வெண்டையில் பூசணம், அவரையில் ஓட்டை. எங்கே தப்பு? ஃப்ரீசரில் வைக்கலாமா?

விதைப்பானை:
ஈரத்தோடு உள்ளே போன விதையை எந்த ஃபிரிட்ஜும் காப்பாத்தாது. முதலில் காய்ச்சல், அப்புறம்தான் குளிர்ச்சி.

ஹாரிங்டன் விதி என்று ஒன்று உண்டு. விதையின் ஈரம் 1% குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும் (5 முதல் 14% ஈரம் வரை இது பொருந்தும்). வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அதே இரட்டிப்பு. இன்னொரு கணக்கு: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 100-ஐத் தாண்டக் கூடாது. சென்னையில் 30 டிகிரி என்றால் 86 ஃபாரன்ஹீட், அதோடு ஈரப்பதம் 75. மொத்தம் 161. அலமாரியில் வைத்த விதை ஏன் அடுத்த வருஷமே மக்கர் பண்ணுது என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கு.

கடலோரக் காற்றில் எத்தனை நாள் காயவெச்சாலும் விதை ஓரளவுக்கு மேல் காயாது. காற்றில் 75% ஈரப்பதம் இருந்தால் வெண்டை, அவரை எல்லாம் 12%க்கு மேலேயே நின்றுவிடும். நமக்கு வேண்டியது 8%க்குக் கீழே. அதுக்கு சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) தான் சுலபம்:

முதலில் நிழலில் ஒரு வாரம். வெயிலில் வைப்பதானால் காலையும் சாயங்காலமும் மட்டும், 12 மணியிலிருந்து 3 மணி வரை எடுத்து உள்ளே வைங்க. தகரத்திலோ சிமென்ட் தரையிலோ நேராகக் கொட்டாதீங்க, சாக்கு விரிச்சுக் கொட்டுங்க. பிறகு விதையைத் துணி முடிச்சில் கட்டி, அதே எடை சிலிக்கா ஜெல்லோடு ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி பாட்டிலில் 7 நாள் மூடி வையுங்க. நீல மணி ரோஸ் ஆனால் (ஆரஞ்சு ரகமாக இருந்தால் பச்சை ஆனால்) ஈரம் குடிச்சு முடிச்சாச்சு, மாத்துங்க. 110–120 டிகிரியில் ரெண்டு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வந்துடும். நீல மணியில் கோபால்ட் இருப்பதால் சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்க வேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்க: பீர்க்கன் விதையை வளைத்தால் ‘டக்’னு ஒடியணும், வளையக் கூடாது. அவரையைச் சுத்தியலால் தட்டினால் நொறுங்கணும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கு. சிலர் உலர்ந்த பொடியுப்போடு குலுக்கிப் பார்ப்பாங்க. கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் 15%க்கு மேல். ஒட்டலைன்னா 15%க்குக் கீழே என்பது மட்டும்தான் தெரியும், அதை நம்பி மூடிடாதீங்க.

ஃபிரிட்ஜ் கதவு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடாகும். உள் தட்டின் பின்பக்கம் வைங்க. சாதா பிளாஸ்டிக் டப்பாவின் மூடி காற்றுப் புகாததல்ல. ஃபிரிட்ஜ் உள்ளே ஈரப்பதமும் அதிகம். உங்க பூசணம் அங்கிருந்துதான்.

பயறுக்காரி:
அவரை ஓட்டைக்கு ஃபிரிட்ஜ் காரணமில்லை. பயறு வண்டு கொல்லையிலேயே வந்துடும். காய் காயும்போதே முட்டை வைக்கும். விதைத் தோலில் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால்தான் வரும். புழு அந்தப் புள்ளிக்கு நேர் கீழே துளைச்சு உள்ளே போகும், வெளியே ஒண்ணும் தெரியாது. வட்ட ஓட்டை கண்ணில் படும்போது வண்டு வெளியே போயிருக்கும். நம்ம ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாசம்தான்.

விதைப்பானை சொன்னபடி நல்லா காய்ந்த பிறகு, காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் (மைனஸ் 18) ஒரு வாரம். முட்டை, புழு ரெண்டும் சாகும். ஈர விதையை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணி பனிக்கட்டியாகி முளைக்கருவைக் கிழிச்சுடும், அதனால்தான் வரிசை முக்கியம்.

ஃப்ரீசர் வசதி இல்லைன்னா கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து வைக்கலாம். பழக்கமான வழிதான், ஆனால் உள்ளே ஏற்கெனவே புழு இருந்தால் வசம்பு எட்டாது.

தாம்பரம்_மாடி:
நன்றிங்க. ரெண்டு சந்தேகம். பாட்டியம்மாக்கள் சுரை, பூசணி விதையை வறட்டியில் பதிச்சு வைப்பாங்களே, அது போதாதா? அப்புறம் எல்லா ரகத்தையும் ஒரே பாட்டிலில் வைக்கலாமா?

விதைப்பானை:
வறட்டி அடுத்த பட்டத்துக்குப் போதும். எலி, எறும்பு தொடாது, காய்ச்சலும் சீராக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் வறட்டியே ஈரம் இழுக்கும், 4 வருஷத்துக்கு அதை நம்ப முடியாது.

ஒரே பாட்டில் சரிதான், ஆனால் ரகத்துக்கு ஒரு காகித உறை. பேரோடு அறுவடை மாசம், வருஷம் பென்சிலில் எழுதுங்க, மை ஊறிப் போயிடும். ஒரு பட்டத்துக்கு வேண்டிய அளவைத் தனித்தனியாகப் பிரிச்சு வைங்க. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. பல மணி நேரம், முடிஞ்சா ஒரு ராத்திரி, அறையில் வெளியே வைத்துவிட்டுத் திறங்க. இல்லைன்னா குளிர்ந்த விதை மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும், காயவெச்சது வீண்.

வெங்காயத்தை மட்டும் பட்டியலிலிருந்து தனியாக எடுங்க, சாதாரணமாக வைத்தால் ஒரு வருஷம்தான். கத்தரி, பீர்க்கன் நல்லா காய்ந்தால் 4 வருஷம் தாராளம்.

பயறுக்காரி:
ஒரு சேர்க்கை. அவரையை ரொம்ப காயவெச்சால் கல் விதையாகி தண்ணி குடிக்காது. குடிச்சாலும் வேகமாகக் குடிச்சுப் பருப்பு வெடிக்கும். விதைக்கும் முன் ரெண்டு நாள் உறையைத் திறந்து காற்றாட விட்டுடுங்க, தானாகக் கொஞ்சம் ஈரம் இழுத்துக்கும், அதுக்கப்புறம் ஊறவைங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியில் 20 விதை சுருட்டி முளைப்பு பாருங்க. சான்று விதைக்குக் குறைந்தபட்சம் வெண்டையில் 65%, கத்தரியில் 70%. அதுக்குக் கீழே இறங்கினால் அந்த ரகத்தை அந்த வருஷமே விதைச்சுப் புது விதை எடுத்துடணும்.

கீரைப்பாத்தி:
இதே முறையைக் கறிவேப்பிலை, பலா, மா கொட்டைகளுக்குச் செய்யாதீங்க. அவை காய்ந்தாலே செத்துடும். பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு நட்டுடுங்க.